காஷ்மீருக்குத் தெற்கு வழி

காஷ்மீர் வடக்கே இருக்கிறது என்பது பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காஷ்மீருக்குப் போகிறோம் என்று கிளம்பிய எங்கள் கார் தூத்துக்குடியிலிருந்து தெற்கே போனது.

ஓட்டியவர் என் வீட்டுக்காரர் மகாராஜன். தூத்துக்குடி பஜாரில் பலசரக்கு மொத்தக்கடை வைத்திருக்கிறார். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கும் சாமான் கொடுக்கிறார். அவர் சாக்குப் போட்டுத் தைத்துக் கொடுத்த வெங்காயம் மாலத்தீவு வரைக்கும் போயிருக்கிறது. இவர் மதுரையைத் தாண்டியது இரண்டே தடவை. இரண்டும் கல்யாணம், இரண்டுக்கும் சொந்தக்காரர்களோடு வேனில் போய், சொந்தக்காரர்களோடு சாப்பிட்டு, சொந்தக்காரர்களோடு திரும்பி வந்தார். ஆனால் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூரைப் பற்றியும் துபாயைப் பற்றியும் அவர் விடுகிற அளப்பைக் கேட்டால், கப்பலை ஓட்டிப் போனதே இவர்தானோ என்று தோன்றும்.

எனக்கு என்ன ஆசை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பனி பார்க்க வேண்டும் என்றோ ஆப்பிள் மரத்தடியில் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்றோ இல்லை. நான் யார், யார் பெண்டாட்டி என்று ஒரு ஆளுக்கும் தெரியாத ஊரில் ஒரு நாள் நிற்க வேண்டும். அவ்வளவுதான். இது என்ன பெரிய ஆசை என்று நினைப்பவர்கள் தூத்துக்குடியில் ஒரு கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் பார்க்கட்டும். நான் பல் டாக்டரிடம் போனால், பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் கடைக்குச் செய்தி போய்விடும். மீன் வாங்கப் போனால், “அண்ணாச்சிக்கு ஊளி பிடிக்காதே, பாறை எடுத்துட்டுப் போங்கம்மா” என்று மீன்காரி சொல்லுவாள். எனக்கு ஊளி பிடிக்கும் என்பது அவளுக்கு எதற்கு? ஒருமுறை பூப்போட்ட நைட்டி ஒன்று வாங்கினேன். அடுத்த வாரம் ஒரு சடங்கு வீட்டில், அந்தப் பூ எனக்குக் கொஞ்சம் பெரிசு என்று பேச்சு வந்தது. முத்துக்கனி என்று எனக்கு ஒரு பேர் இருக்கிறது. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மகள் ஐஸ்வர்யா சென்னையிலிருந்து வந்தபோது என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டாள். கற்றுக்கொடுத்தவள் ஷீஜா என்று நாகர்கோவில் பக்கத்துப் பெண். உப்பளத்து ரோட்டில் வைத்துப் பழக்கினாள். நான் நன்றாகவே ஓட்டினேன். லைசென்ஸ் வந்த அன்றைக்கு அதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “போட்டோ நல்லாத்தான் விழுந்திருக்கு” என்று சொல்லி அலமாரியில் வைத்தார். புது வண்டியின் சாவியை ஒரு நாள்கூடக் கையில் தரவில்லை.

அந்தப் புது வண்டியில்தான் இந்தியாவைச் சுற்றப்போகிறோம் என்று ஒருநாள் அறிவித்தார். கடைக்கு வந்த எவனோ ஒருவன், பெண்டாட்டியோடு காரிலேயே லடாக் போய்வந்த வீடியோவைக் காட்டியிருக்கிறான். இவருக்கு மூக்கு விடைத்துக்கொண்டது. மகன் ஜெயகணேஷ் கடையைப் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் எங்கள் குடும்பத்துப் படைப்பு இருக்கிறது, அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொன்னான். மாசி பிறந்திருந்தது. தாராளமாகப் போய்வரலாம். எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

மனுசன் அங்கேதான் கெடுத்தார். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில், கும்பிடுகிற கையையும் போட்டு, ‘காஷ்மீர் பயணம் கிளம்புகிறோம், அனைவரையும் நேரில் வந்து பார்த்து விடைபெறுவோம்’ என்று எழுதிவிட்டார். அனைவரையும் என்றால் எத்தனை பேர் என்று யோசித்தாரா? எங்கள் குழுவில் செத்தவர்கள் நம்பர்கூட இன்னும் இருக்கிறது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். சொல்லாமல் போனால், நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், சொல்லாமல்கொள்ளாமல் போனான் என்று பேச்சு வரும் என்றார். ஒன்று கிடக்க ஒன்று ஆன பிறகு யார் பேசினால் இவருக்கென்ன?

முதல் நாள் திருச்செந்தூர். வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அதில் எனக்கு வருத்தமில்லை, முருகனிடம் சொல்லிக்கொண்டு போவது முறை. ஆனால் திருச்செந்தூர் வரைக்கும் வந்துவிட்டு ஆலந்தலையில் டேவிட்சனைப் பார்க்காமல் எப்படிப் போவது என்றார். டேவிட்சன் படகு வைத்திருக்கிறவர், இவருக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். அவர் சம்சாரம் மெட்டில்டா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ராணுவத்துக்குப் போகிறவனை அனுப்புகிறமாதிரி ஜெபமாலை ஒன்றைக் கண்ணாடியில் மாட்டிவிட்டாள். சீலா மீன் குழம்பு வைத்திருந்தார்கள். சாப்பிட்டு, உறங்கி எழுந்திருந்து, போட்டோ எடுத்து, அதை டேவிட்சன் எல்லாருக்கும் அனுப்பினார். திரும்புகிற வழியில் காயல்பட்டினத்தில் ஒரு யாவாரச் சிநேகிதர் வீடு. அங்கே முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். இருட்டிவிட்டது. காஷ்மீருக்குப் புறப்பட்ட முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டுக் கட்டிலிலேயே வந்து படுத்தோம்.

மறுநாள் ஸ்ரீவைகுண்டம். அங்கே இவருடைய சித்தப்பா பிச்சையா இருக்கிறார். நாங்கள் போய் இறங்கியதும் மனுசர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆலந்தலைக்காரன் அனுப்பிய போட்டோ சித்தப்பா போனுக்கும் வந்துவிட்டதாம். “ரத்த சம்பந்தம் நான் இங்கன இருக்கேன். எவன்ட்டயோ சொல்லிட்டுல்லா என்ட்ட வாரான்” என்று சுவரிடம் முறையிட்டார். என் வீட்டுக்காரர் காலில் விழுந்து சமாதானம் செய்தார். அந்தச் சமாதானத்துக்கு மறுநாள் கிடா வெட்டு. கிடா வெட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் அவரவர் வீட்டுக்கு வருவதாக இவர் வாக்குக் கொடுத்தார்.

இப்படியே போனது. ஒரு வீட்டுக்குப் போனால் அடுத்த வீட்டுக்குத் தெரியும், தெரிந்த வீட்டுக்குப் போகாவிட்டால் குற்றம். போன வீட்டிலெல்லாம் இலை போட்டார்கள், எல்லாரும் புத்தி சொன்னார்கள். வடக்கே தண்ணீர் குடிக்காதே, சோறு கிடைக்காது, அவன்கள் பேசுகிற பாஷைக்குத் தலையாட்டாதே. சொன்னவர்களில் ஒருத்தர்கூடத் திருமங்கலத்தைத் தாண்டியவர் இல்லை. கருப்பட்டி, முறுக்கு, மக்ரூன், மாவடு ஊறுகாய் என்று பின்சீட்டு மட்டும் ஒரு கடையாகிவிட்டது. கங்கைத் தண்ணீர் ஒரு கேன், காஷ்மீர்ச் சால்வை, வாதுமை என்று எனக்குக் கட்டளை வேறு. காஷ்மீரில் கங்கை ஓடவில்லை என்று ஒரு மாமியிடம் சொன்னேன். நீ போறதுக்கு முந்தியே தடை சொல்லுத என்று கோபித்துக்கொண்டாள்.

இதில் வெட்கக்கேடு, ஒவ்வொரு ராத்திரியும் வீட்டுக்கே திரும்பி வந்து படுத்ததுதான். தூத்துக்குடியில் இறங்கித் தெருவில் நடந்தால், இன்னுமா போகலை என்று கேட்பார்கள். அதற்காகக் காரை வீட்டை ஒட்டிய கடைக் குடோனுக்குள் விட்டு, மூட்டைகளுக்கு நடுவில் தார்ப்பாய் போட்டு மூடினார். வீட்டுக்குள் விளக்குப் போடக்கூடாது என்றார். என் சொந்த வீட்டில் நான் திருடிமாதிரி இருட்டில் தடவித் தடவி நடந்தேன். காலண்டரில் மாசி கரைந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் விடியற்காலையில் நானே எழுந்து பைகளைக் காரில் வைத்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்கு வடக்கே திரும்பாவிட்டால் இறங்கமாட்டேன் என்று சொன்னேன். குடோனிலேயே உட்கார்ந்திருப்பேன், சாமான் எடுக்க வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றேன். அதற்குப் பயந்துதான் வண்டியை எடுத்தார். டோல்கேட் தாண்டியது. எட்டயபுரம் தாண்டியது. அருப்புக்கோட்டை வந்தபோது பேசிக்கொண்டே வந்தவர், மதுரை தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன். ஆள் தெரியாத ஊர்கள் வர ஆரம்பித்திருந்தன.

திண்டுக்கல்லுக்கு முன்னால் ரோட்டோரத்தில் பெரிய ஓட்டல் ஒன்றில் சாப்பிட இறங்கினோம். நல்ல கூட்டம். எங்களை யாரும் வாங்க என்று சொல்லவில்லை. சப்ளையர் வந்து, “என்ன வேணும் பெருசு?” என்று இவரைக் கேட்டான். பெருசு என்றதும் இவர் முகம் செத்துவிட்டது. தூத்துக்குடியில் கலெக்டர் ஆபீஸ் பியூன்கூட இவரை அண்ணாச்சி என்றுதான் சொல்லுவான். தோசையைப் பாதியில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போனார். எந்த ஓட்டலுக்குப் போனாலும் கல்லாவில் இருப்பவரோடு நின்று நாலு வார்த்தை பேசி, தான் யார் என்று சொல்லிவிட்டு வருவது இவர் வழக்கம். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

“நமக்குத் தூத்துக்குடி. மகாராஜன் ஸ்டோர்ஸ்” என்று சிரித்தார்.

கல்லாவில் இருந்தவன் தலையைத் தூக்கவே இல்லை. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் நிக்கிது” என்றான்.

தள்ளி நின்றார். அந்தக் கல்லாவையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு ஒரு நிமிசம் பாவமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நிமிசம்.

காருக்கு வந்ததும் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு, அய்யாக்குட்டி மச்சானிடம் சொல்லாமல் வந்துவிட்டோமே என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அய்யாக்குட்டி எங்கள் அடுத்த வீட்டுக்காரர், இவருக்குத் தூரத்து மச்சான். காம்பவுண்டுச் சுவரை அரை அடி தள்ளிக் கட்டிவிட்டார் என்று அவரோடு இவர் பேசியே பல வருசம் ஆகிறது. அவர் வீட்டு வேப்பிலை எங்கள் முற்றத்தில் விழுந்தால் அதைக்கூடத் திருப்பி எறிகிற ஆள் இவர். அப்பேர்ப்பட்ட மச்சானிடம் போய்ட்டு வருகிறேன் என்று சொல்ல, திண்டுக்கல்லிலிருந்து தூத்துக்குடிக்குத் திரும்ப வேண்டுமாம். என்ன சாக்கு, என்ன சாக்கு! வாய் கூசாமல் சொன்னார்.

“நீங்க பயந்துட்டிய” என்றேன்.

“யாருளா பயந்தா? ஒரு முறைன்னு இருக்குல்லா.”

“இங்கன உங்கள அண்ணாச்சின்னு கூப்பிட ஆளில்ல. பெருசுன்னு சொல்லுதான், தள்ளி நில்லுன்னு சொல்லுதான். இன்னும் வடக்க போனா அதுவும் சொல்ல மாட்டான். அதுக்குத்தான பயப்படுதிய?”

இல்லை என்று சொல்லுவார் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, “திரும்பிருவோம்ளா. அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்” என்றார்.

அடுத்த வருசம் எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் ஊட்டிக்கு அடுத்த வருசம். ஐஸ்வர்யா பிறந்ததும் மைசூருக்கு அடுத்த வருசம். அந்த வருசங்களெல்லாம் வந்தன, கடையிலேயே கழிந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இறங்கிச் சுற்றிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். நீங்கள் இறங்கி பஸ் ஏறி மச்சானிடம் போய்ச் சொல்லுங்கள், நான் போகிறேன் என்றேன்.

சிரித்தார். என் ஆத்திரத்துக்கு அந்தச் சிரிப்புப் போதும். உனக்கு ரிவர்ஸ் போடவே தெரியாது, அடுத்த டோல்கேட்டைக்கூடத் தாண்டமாட்டாய் என்றார். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். எங்களுக்குப் பின்னால் ஒரு வேன்காரன் வழி கேட்டு ஹாரன் அடித்தான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் இவருக்கு ஆகாது, அந்த நாலு பேருக்கு இவர் யார் என்று தெரியாவிட்டாலும் ஆகாது. இறங்கிவிட்டார். இறங்கியவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஊர்ல கேட்டா நான் என்னத்தளா சொல்ல?”

“ஊர்ல அத்தன பேர்ட்டயும் சொல்லியாச்சு. உங்ககிட்ட மட்டுந்தான் பாக்கி. போய்ட்டு வாரேங்க” என்றேன்.

சாவியைக் கொடுத்தார். கழுத்தில் மாட்டியிருந்த பயணத் தலையணையைக் கழற்ற மறந்து, ஒரு கையில் பையும் மறு கையில் மக்ரூன் டப்பாவுமாக பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். மக்ரூன் எடுக்க மட்டும் மறக்கவில்லை.

எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். கரூர் வரைக்கும் லாரி ஒவ்வொன்றும் என் மேல் ஏறவே வருகிறது என்று நினைத்தேன். பின்னால் வந்தவனெல்லாம் திட்டிக்கொண்டு முந்திப் போனான். போகட்டும், எனக்கென்ன, அவன் யாரோ நான் யாரோ. சேலத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அங்கே ரிசப்ஷனில் இருந்த பெண், தனியாகவா வந்தீர்கள் என்று ஒரு பார்வை பார்த்தாள். ஆமாம், தனியாகத்தான் என்றேன். அந்தப் பதிலைச் சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? ரூமுக்குள் போய் இன்னொரு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஐஸ்வர்யா போன் செய்து, பேச முடியாமல் சிரித்தாள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த அப்பா, குழுவில் எழுதியிருக்கிறாராம். பெண்களுக்குத் தைரியம் வரவேண்டும் என்பதற்காக என் மனைவியைத் தனியே காரோட்டி அனுப்பி வைத்திருக்கிறேன், எல்லாரும் வாழ்த்துங்கள் என்று. குழுவில் அவருக்கு மாலை விழுந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சிக்குப் பெரிய மனசு, இந்தக் காலத்தில் யார் அனுப்புவார் என்று ஒரே புகழ். பிச்சையா சித்தப்பாகூட, எங்கள் குடும்பத்து ரத்தம் என்று எழுதியிருந்தாராம். பெரிய மனசாம். திண்டுக்கல்லில் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிய மனசு.

நான் காஷ்மீருக்குப் போகவில்லை. பங்குனி உத்திரம் நெருங்கியதால் நாக்பூரோடு திரும்பிவிட்டேன். அதைச் சொல்லி ஊரில் இப்போது கேலி செய்கிறார்கள். அவர்களுக்கு நாக்பூர் எந்தப் பக்கம் என்று கேட்டால் கையை எங்கே நீட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். போகட்டும். எனக்கு வேண்டியது நாக்பூருக்கு வெகு முன்னாலேயே, அனந்தபூர் தாண்டிய இடத்தில் கிடைத்துவிட்டது.

பெரிய ஊர் ஒன்றும் இல்லை. ரோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை, சுற்றிலும் வெறும் பொட்டல், தூரத்தில் பாறைக் குன்று. டீ ஆற்றியவள் தெலுங்கில் என்னவோ கேட்டாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவள் ஸ்டியரிங் பிடிக்கிறமாதிரி கையைக் காட்டி, என்னையும் காரையும் காட்டினாள். நான் தலையாட்டினேன். நல்லது என்கிறமாதிரி சிரித்துவிட்டு, அவள் பாட்டுக்கு அடுத்த ஆளுக்கு டீ போடப் போய்விட்டாள். யார் வீட்டுப் பெண், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், எத்தனை பிள்ளைகள், ஒன்றும் இல்லை. ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். இரண்டு ஆடுகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. எனக்கு அப்படி ஒரு நிம்மதி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது வீட்டுக்காரர் போன் செய்தார். சாப்பிட்டியா, டயரில் காற்றுப் பார்த்தியா, ஏசியை ரொம்ப வைக்காதே என்று வரிசையாகக் கேட்டார். பின்னால் கடைச் சத்தம் கேட்டது, யாரோ அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருலே என்று அவர்களை அதட்டிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

“அங்கன என்னைய யாராச்சும் கேட்டாவளா?”

“ஒருத்தரும் கேக்கல” என்றேன்.

“உன்னைய?” என்றார்.

“என்னையும் யாரும் கேக்கல.”

“அய்யோ பாவம்ளா நீ” என்றார்.

நடிப்பு இல்லை. மெய்யாகவே எனக்காக வருத்தப்பட்டார். இத்தனை வருசம் என்னோடு குடும்பம் நடத்திய மனுசர் அப்படிச் சொன்னார். அவருக்கு நான் என்ன சொல்லி விளங்கவைக்க? சரிங்க, வைக்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். இன்னொரு டீ கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.